ஏலாதவர்கள் எந்தப் பங்கு?

2019 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் நடந்து சரியாக ஒரு வாரம். நாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் பொதுப் பூசை இல்லை. கொழும்பில் கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசை தொலைக்காட்சியில் போனது. மக்கள் வீட்டுக்குள்ளேயே திரைக்கு முன்னால் எழும்பி நின்றும் முழந்தாளிட்டும் செபம் சொன்னார்கள். நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வழியில்லை. பதினொரு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், கொரோனா அதையே திரும்பச் செய்தது. அந்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 12, ஊரடங்குக்குள் வந்து போனது.

கோயிலுக்குப் போகக் கால் இருந்தும் போக முடியாமல் கழிந்த அந்த ஞாயிறுகள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்றும் மறக்கவில்லை. பூசை இல்லாத ஞாயிறு கிழமை நாள் மாதிரியே கிடந்தது. வழியில் நின்று கதைக்க ஆளில்லை. யார் செத்தது, யாருக்குக் கலியாணம், திருநாளுக்கு எந்தக் குடும்பம் பொறுப்பு என்ற எந்தச் செய்தியும் வீடு வந்து சேரவில்லை.

பிறகு கதவுகள் திறந்தன. நடக்கக்கூடியவர்கள் நடந்து போனார்கள். நடக்க ஏலாதவர்கள் அதே கட்டிலில், அதே கதிரையில் இருந்தார்கள். மற்றவர்களுக்குச் சில கிழமைகள் நீடித்த அந்த நிலை அவர்களுக்கு 2019க்கு முன்னும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உவர்மலை ஏற்றத்தில் ஒரு வீடு, திருக்கடலூர் ஒழுங்கையில் ஒன்று, பாலையூற்றில், நிலாவெளியில், துறைமுகத்துக்கு அக்கரையில் மூதூரில் என்று, கோயில் மணி காதில் விழுந்தும் கோயில் எட்டாத வீடுகள் இந்தத் திருகோணமலை மாவட்டத்தின் எல்லாப் பங்குகளிலும் உண்டு. ஊர்ப் பேச்சில் அவர்களுக்குப் பெயர் ‘ஏலாதவர்கள்’. “அம்மம்மாவுக்கு ஏலாது, அவ இப்ப கோயிலுக்கு வாறேல்லை” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

அது அங்கே முடியக்கூடாது. இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர், இங்கேயே புதுநன்மை எடுத்தவர், கலியாணம் கட்டியவர், மணிக்கூண்டுக்குக் காசு சேர்த்தவர், நாற்பது வருசம் பீடத்துக்குப் பூ வைத்தவர் ஒருவர், கால் தளர்ந்த நாளிலிருந்து எந்தப் பங்கைச் சேர்ந்தவர்? அவருடைய பெயர் அடுத்த முறை கோயிலில் வாசிக்கப்படுவது மரண அறிவித்தலில்தான் என்றால், இடைப்பட்ட எட்டு வருசமோ பத்து வருசமோ அவர் எங்கே இருந்தார்?

இதற்குப் பங்குகளிடம் பதிலே இல்லை என்று சொல்வது அநியாயம். இலங்கையின் தமிழ்ப் பங்குகள் பலவற்றில் மாதத்தின் முதல் வெள்ளி நோயாளர்களுக்குரிய நாள். அன்று சுவாமி நன்மை கொண்டு வருவார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். முதல் நாளே அறை கூட்டப்படும். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் வைத்து, இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைப்பார்கள். ஏலாத ஆச்சிக்குத் தலை சீவி, பெட்டகத்திலிருக்கும் நல்ல சேலையை எடுத்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் காலை அந்த வீட்டில் திருநாள். இப்படியொரு வழக்கம் தலைமுறைகளாகக் கைவிடப்படாமல் வந்திருப்பதே பெரிய விசயம்.

ஆனால் சுவாமிக்கு அன்று ஒரு வீடு மட்டும் இல்லை. ஒரு பங்குத்தந்தை, அவருக்குக் கீழே கிளைக் கோயில்கள், பாடசாலை, செத்த வீடு, கூட்டம். ஒரு காலைக்குள் பத்து வீடு, பதினைந்து வீடு. செபம், நன்மை, ஆசீர்வாதம், அடுத்த வீடு. ஆச்சி ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கதை தொண்டையிலேயே நிற்கிறது. இதில் சுவாமியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முழுப் பங்கும் செய்யவேண்டிய வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டு, ‘சுவாமி போய்விட்டு வந்திட்டார்’ என்று மற்றவர்கள் இருந்துவிடுவதுதான் குறை.

ஆதியில் இது அப்படி இருக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமாபுரியில் புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் ஞாயிறுகளில் என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதி விளக்கினார். வாசகம், மன்றாட்டு, அப்பம், இரசம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் செல்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதினார். திருப்பலியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரணைகளில் ஒன்று அது. அதில் வராதவர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த அப்பம் அதே ஞாயிறு, அதே பூசையிலிருந்து போனது. மாதத்துக்கொரு முறை தனியாக வந்த அன்பளிப்பு அல்ல.

இந்தத் தீவுக்கு இன்னும் நெருக்கமான சாட்சியம் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் 1687இல் வேடமிட்டு வந்து இறங்கியபோது இங்கே போவதற்குக் கோயில் இல்லை. வீடுகள்தான் இருந்தன. இரவில் ஒரு வீட்டில் பூசை, விடியுமுன் இன்னொரு ஊர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளர்களைச் சொந்தக்காரரே கைவிட்டுப் போனபோது, அவரும் அவருடைய மருமகனான யோசே கார்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிப் போய் உணவு கொடுத்து, கழுவித் துடைத்து, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கம் பெரும்பாலும் வீட்டு அறைகளுக்குள்தான் உயிர் தப்பியது. எனவே ஒரு கட்டில் கிடக்கும் அறைக்குள் பூசைப் பாத்திரத்துடன் போவது இந்தத் திருச்சபைக்குப் புறத்தொழில் ஆகாது. அது அதன் பழைய முகவரி.

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் அமைக்கப்பட்டது. பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் அமெரிக்க இயேசு சபையினரும் காட்டுப் பாதையிலும் களப்புத் தோணியிலும் ஊர் ஊராகப் போன நிலம் இது. தூரம் இங்கே எப்போதும் ஒரு பிரச்சினை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்படும்வரை அந்தக் கரைக்குப் போக மிதவைப் பாதையை நம்ப வேண்டியிருந்தது, மூதூருக்குப் படகு. போர்க்காலத்தில் தெருவே ஆபத்து. 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபை அருட்தந்தை யூஜின் ஹீபேர்ட், உடன் சென்ற இளைஞருடன் காணாமற்போனார். பழைய மாணவர்கள் அவரைக் கூடைப்பந்துப் பயிற்றுநராக இன்றும் நினைக்கிறார்கள். அன்று திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டம், 2012இல்தான் பிரிந்தன. அப்படியான தெருக்களிலேயே மக்களைத் தேடிப் போன குருமார் இருந்த மறைமாவட்டத்தில், பாலமும் காபெட் வீதியும் வந்த பிறகு தூரத்தைக் காரணம் சொல்வது கடினம்.

இன்றைய தூரம் வேறு மாதிரியானது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையரில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். எட்டுப் பேரில் ஒருவர். அதற்குப் பிறகு அந்த வீதம் கூடிக்கொண்டுதான் போகிறது. பிள்ளைகள் கனடாவில், லண்டனில், கட்டாரில். மாதாமாதம் காசு வருகிறது, வட்ஸ்அப்பில் முகம் வருகிறது. மருந்துக் குளிசையைப் பிரித்துக் கொடுக்கும் கை மட்டும் வராது. 2022இல் எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போகவும் வழியில்லாமல் எத்தனையோ முதியவர்கள் வீட்டோடு கிடந்தார்கள். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்தில் நடந்தது இது.

இந்த நிலையில் ஒரு பங்கு முதலில் செய்யவேண்டியது மிகச் சாதாரணமான வேலை. ஒரு கொப்பி வாங்குவது. வீட்டோடு இருப்பவர்களின் பெயர், வயது, எந்த அன்பியம் (அயல் குழு), யாருடன் இருக்கிறார், எந்த நேரம் விழித்திருப்பார், காது கேட்குமா, எந்த மொழியில் செபம் சொல்வார், விழுங்கச் சிரமமா, அவசரத்துக்கு யாருக்கு அழைப்பது. மூன்று மாதத்துக்கொரு தடவை அருட்பணிச் சபைக் கூட்டத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து பார்ப்பது. ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் மரணப் பதிவேடும் பங்கு அறையில் அழகாகப் பேணப்படுகின்றன. பிறப்புக்கும் இறப்புக்கும் இடையிலான இந்தப் பதிவேடு மட்டும் பெரும்பாலும் சுவாமியின் நினைவில்தான் இருக்கிறது. சுவாமி மாற்றலாகிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது.

அனர்த்தம் வந்தால் இந்தக் கொப்பியின் அருமை இன்னும் தெரியும். 2004 டிசெம்பர் 26 கடல் ஏறி வந்த காலையில், 2006 ஓகஸ்டில் போரால் மூதூர் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய நாட்களில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் மகாவலி வெள்ளம் மூதூர், வெருகல் பகுதிகளைச் சூழ்ந்தபோது, ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். தூக்கிச் செல்லப்படவேண்டியவர் எந்த வீட்டில், எந்த அறையில் என்று அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனமான எகெட் கரித்தாஸ் அனர்த்த நிவாரணத்தில் நீண்ட அனுபவமுள்ளது. பங்கின் கொப்பியும் கிராம சேவையாளரின் பட்டியலும் அதன் திட்டமும் ஒன்றையொன்று அறிந்திருந்தால் எவ்வளவோ உயிர் மிஞ்சும்.

அடுத்தது, யார் போவது என்ற கேள்வி. 1973 ஜனவரி 29 அன்று பாப்பரசர் ஆறாம் பவுலின் காலத்தில் வெளியான அறிவுறுத்தல் பொதுநிலையினரும் நற்கருணை வழங்க வழி திறந்தது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இருந்தும், “சுவாமி வரேல்லையோ? ஏன் இவரை அனுப்பினது?” என்ற மனத்தாங்கல் பல வீடுகளில் இன்னும் கேட்கிறது. அது புரிந்துகொள்ளக்கூடியதே. சுவாமி வாசற்படி ஏறுவதன் பெறுமதி வேறு; பாவசங்கீர்த்தனமும் நோயில் பூசுதலும் அவரால் மட்டுமே ஆகும். அவர் வரத்தான் வேண்டும். ஆனால் அவர் மாதத்தில் ஒரு தடவை வந்தால், மற்ற ஞாயிறுகளில் யாரும் வராமல் இருக்கவேண்டும் என்பதில்லையே.

அனுப்பும் விதத்திலும் ஒரு பண்பு வேண்டும். நற்கருணைப் பணியாளர் கோயிலின் பின்கதவால் சிமிழை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மறைந்துவிட்டால் பங்குக்கு அது தெரியாமலே போகும். ஞாயிறுப் பூசையில், எல்லோரும் நன்மை வாங்கி முடிந்ததும், அவர்களைப் பீடத்தடிக்கு அழைத்து, சபைக்கு முன்னால் சிமிழைக் கையளித்து, இன்று இன்னார் இன்னார் வீட்டுக்கு இது போகிறது என்று பெயர் சொல்லி அனுப்பலாம். ஒரு நிமிடம் போதும். கோயிலில் இருக்கும் சின்னப் பிள்ளை, தன் பக்கத்து வீட்டு ஆச்சியின் பெயர் பீடத்திலிருந்து வருவதைக் கேட்கும். அங்கே வீட்டில் ஆச்சி, மணி எட்டரை, பூசை முடிந்திருக்கும், இப்ப வருவினம் என்று காத்திருப்பா. அந்த எட்டரை மணிக் காத்திருப்புத்தான் அவ அந்த ஞாயிறுப் பூசையில் எடுத்துக்கொள்ளும் பங்கு.

போகிறவர்கள் இருவராகப் போவது நல்லது. 1921 செப்ரெம்பர் 7 அன்று டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனையின் முதல் வேலையே வைத்தியசாலை நோயாளர்களைச் சந்திப்பதுதான். இருவர் இருவராகப் போனார்கள். பாரிஸில் 1833இல் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபையின் ஆணிவேரும் வீடு தேடிப் போவதே. ஒருவர் முதியவருடன் கதைக்க, மற்றவர் பார்ப்பவருடன் கதைக்கலாம். தனித்திருக்கும் முதியவரின் காசுக்கும் உடைமைக்கும் மானத்துக்கும் அது பாதுகாப்பு. போகிறவரின் பெயருக்கும் பாதுகாப்பு. ஒரு பீடப் பணியாளச் சிறுவன் மெழுகுதிரியுடன் கூடவே போனால் இன்னும் நல்லது. நற்கருணையைக் கொண்டுபோகும் வழியில் உயிர்விட்டதாக மரபு சொல்லும் புனித தார்சியுஸ்தான் அவர்களின் பாதுகாவலர். அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கவேண்டும்.

இங்கே அதிகம் கவனிக்கப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்ப்பவர். பெரும்பாலும் ஒரு மகள், அல்லது மருமகள், சில வேளை தானே எழுபது தாண்டிய மனைவி. தாயைத் தனியே விட்டுவிட்டு வரமுடியாததால் அவரும் ஞாயிறுப் பூசைக்கு வருவதில்லை. ஊர், “அவ இப்ப கோயில் பக்கமே இல்லை” என்று சொல்லும். படுக்கையில் இருப்பவர் ஒருவர் என்றால் வீட்டோடு கட்டுண்டவர் இரண்டு பேர். திருச்சபை இதை அறியாமல் இல்லை. நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து முதியோரையும் நோயாளரையும் மட்டுமல்ல, அவர்களைப் பராமரிப்பவர்களையும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விடுவித்திருக்கிறது. 919ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. சட்ட நூலில் ஒரு சின்ன வரிதான். ஆனால் அதை எழுதியவருக்கு இரவு முழுதும் கண்விழித்து, விடிய ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டு இருக்கும் மகளைத் தெரிந்திருக்கிறது.

அந்த மகளுக்குப் பங்கு என்ன செய்யலாம்? ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் போய் இருக்கலாம். நற்கருணை கொண்டுபோவதற்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். கட்டிலருகே கதிரை போட்டு இருப்பதற்கு ஒன்றும் வேண்டாம். முதற்பூசைக்குப் போனவர் இரண்டாம் பூசை நேரத்தில் அங்கே இருந்தால், அந்த மகள் குளித்து, சேலை மாற்றி, கோயிலுக்குப் போய்வருவா. வருகிற வழியில் யாருடனாவது நின்று கதைத்துவிட்டும் வரலாம். பிரசங்கத்தில் சொல்லப்படும் அன்பை விட இந்த ஒன்றரை மணி நேரம் அவவுக்கு நன்றாக விளங்கும்.

கேரளத்தில் இதை ஓர் ஊர்ப் பழக்கமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் தொடங்கிய அயல் வலைப்பின்னலில் தொண்டர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, தங்கள் சுற்றுவட்டாரத்தில் படுக்கையில் கிடப்பவர்களைக் கண்டறிந்து, தாதியருடன் வீடு வீடாகப் போனார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிக்கவில்லை. 2008இல் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கையே வெளியிட்டது; இந்தியாவில் முதன்முதல் அதுதான். திருகோணமலையும் அப்படியான கலப்பு ஊர். கத்தோலிக்க ஆச்சி நள்ளிரவில் விழுந்தால் முதலில் ஓடிவந்து தூக்குபவர் முஸ்லிம் அயலவராகவோ இந்துத் தம்பியாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பங்கின் கொப்பியில் அந்த அயலவரின் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும். நத்தாருக்குப் பலகாரம் போகும் வீடுகளில் அந்த வீடும் ஒன்றாக இருக்கவேண்டும்.

நோயில் பூசுதலைப் பற்றியும் சற்றுத் தெளிவாகப் பேசவேண்டியிருக்கிறது. பழைய தலைமுறைக்கு அது ‘அவஸ்தைப் பூசுதல்’. சுவாமி எண்ணெயுடன் வருகிறார் என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். அதனாலேயே குடும்பங்கள் கடைசி மூச்சுவரை சுவாமியைக் கூப்பிடாமல் இருந்துவிடுகின்றன; அம்மா பயந்துவிடுவா என்று. கூப்பிடும்போது அம்மாவுக்கு நினைவே இருப்பதில்லை. 1972இல் ஆறாம் பவுல் இந்தத் திருவருட்சாதனத்தைப் புதுப்பித்தார். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். நிலைமை மோசமானால் திரும்பவும் பெறலாம். இதை ஒரு பிரசங்கத்தில் சொல்லி மாற்ற முடியாது, கண்ணால் காட்டவேண்டும். பெப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், 1993 முதல் உலக நோயாளர் தினமாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று ஓட்டோ பிடித்து, வீல்செயார் வைத்து, தூக்கக்கூடிய இளைஞர்களை நிறுத்தி, வரக்கூடிய எல்லா ஏலாதவர்களையும் கோயிலுக்கு அழைத்துவந்து, முழுச் சபைக்கும் முன்னால் எண்ணெய் பூசலாம். பூசப்பட்ட ஆச்சி பின்னேரம் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவஸ்தைப் பயம் தானாகக் குறையும். வரவே முடியாதவர்களுக்கு அதே எண்ணெய் அன்று பின்னேரமே வீட்டுக்குப் போகவேண்டும்.

தொலைக்காட்சிப் பூசை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; அது பெரிய உதவி. 1958இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அசிசியின் புனித கிளாராவைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்ததற்குக் காரணமே, நோயில் படுத்திருந்த அந்தத் துறவி தன் அறைச் சுவரில் நத்தார்ப் பூசையைக் கண்டார் என்ற மரபுதான். திரைப் பூசையின் முதல் பார்வையாளர் வீட்டோடு கிடந்த ஒரு பெண். ஆனால் கொழும்பிலிருந்தோ வேளாங்கண்ணியிலிருந்தோ வரும் பூசையில் பாலையூற்றுச் சங்கதி ஒன்றும் இராது. தன் கோயில் பாடகர் குழுவின் குரல், தன் சுவாமியின் பிரசங்கம், தனக்குத் தெரிந்தவர்களின் கலியாண அறிவித்தல் என்பவைதான் ஆச்சி கேட்க விரும்புகிறவை. ஒரு இளைஞன் கைத்தொலைபேசியில் பிரசங்கத்தையும் அறிவித்தல்களையும் பதிந்து பத்து வீடுகளுக்கு அனுப்பக் காசு செலவே இல்லை. பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவருக்கு யாராவது அழைப்பெடுத்து வாசித்துக் காட்டலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பங்கு கொடுப்பது. பங்கு வாங்கவேண்டியதும் இருக்கிறது. அதைத்தான் நாம் அதிகம் மறந்துபோகிறோம்.

ஜாக்லின் டி டெக்கர் என்ற பெல்ஜியப் பெண் 1940களின் இறுதியில் சென்னையில் ஏழைகளுக்கிடையில் பணிபுரிந்தார். அன்னை தெரேசாவின் சபையில் சேர விரும்பினார். முதுகெலும்பு நோய் விடவில்லை. ஊர் திரும்பி, அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள். அன்னை தெரேசா அவருக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு வேலை கொடுத்தார். சபையின் ஒவ்வொரு சகோதரிக்கும் ஒரு நோயாளி துணை. சகோதரி தெருவில் உழைக்க, நோயாளி தன் செபத்தையும் வேதனையையும் அந்தச் சகோதரிக்காக ஒப்புக்கொடுப்பார். டி டெக்கர் படுக்கையிலிருந்தும் கதிரையிலிருந்தும் அந்த இணைப்புகளைப் பல நாடுகளில் ஏற்படுத்தினார். அவர் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

இங்கே அதைச் செய்யப் புதுச் சபை எதுவும் தேவையில்லை. மரியாயின் சேனையில் கூட்டத்துக்கு வராமலே நாள்தோறும் செபமாலையும் சேனையின் செபங்களும் சொல்லும் துணை உறுப்பினர் என்ற முறை ஏற்கெனவே உண்டு. புதுநன்மைக்குப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீட்டோடு இருக்கும் ஆச்சியோ அப்புவோ செபத்துணை. பிள்ளை வந்து பெயர் சொல்லி அறிமுகமாகும். அவர் நாளும் அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடுவார். புதுநன்மை அன்று வெள்ளை உடுப்போடு பிள்ளை முதலில் போகும் வீடு அது. கடலுக்குப் போகிறவர்களின் படகுப் பெயர்களை எழுதி இன்னொருவரிடம் கொடுக்கலாம். சோதனை எழுதும் மாணவர்களின் பெயர்களை இன்னொருவரிடம். நித்திரை வராத இரவுகள் அவர்களிடம் நிறைய உண்டு.

நினைவுகளும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டதைச் சிறுபிள்ளையாகக் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. 1964 டிசெம்பர் சூறாவளி, 1983, 1990 வன்செயல்கள் என்று, எழுதப்படாத பங்கு வரலாறு இந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறது. பாலையூற்றிலும் நகரிலும் வாழும் பறங்கியர் வீடுகளில் அதைவிட அரிய ஒன்று உண்டு. நானூறு வருடத்துக்கு முன் வந்த போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்த கிரியோல் மொழி, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும்தான் இன்னும் பேசப்படுகிறது. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் குழுவினரும் வந்து ஒலிப்பதிவு செய்து ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் வயது போனவர்கள். லிஸ்பனிலிருந்து வந்து கேட்டவர்கள் இருக்கையில், பக்கத்துத் தெருவிலிருந்து போய்க் கேட்க நமக்கு எவ்வளவு நேரம்? மறைக்கல்வி மாணவர்கள் இரண்டு பேர் ஒரு கைத்தொலைபேசியுடன் போய், அந்த மொழியில் செபமும் பாட்டும் சொல்லித்தரச் சொன்னால், அன்று அந்தப் பிள்ளைகள்தான் மாணவர்கள்.

முடிவுகளிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். கோயிலைத் திருத்தப் போகிறோம், பூசை நேரத்தை மாற்றப் போகிறோம், சேமக்காலை மதிலைக் கட்டப் போகிறோம் என்றால், அருட்பணிச் சபையின் ஒருவர் அந்தக் கொப்பியில் இருக்கும் வீடுகளுக்குப் போய் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவரட்டும். சாய்தளம் எந்தப் பக்கம் வேண்டும் என்று வீல்செயாரில் இருப்பவருக்கு மேசன்மாரை விட நன்றாகத் தெரியும். திருநாள் சுற்றுப்பிரகாரம் ஒவ்வொரு வருடமும் ஒரே தெருவால் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு வருடம் ஏலாதவர்கள் இருக்கும் ஒழுங்கையால் மாதா போய், அந்தப் படலையில் ஒரு நிமிடம் நிற்கட்டும். நாற்பது வருசம் சுரூபத்துக்குப் பூ கட்டியவர் யன்னலால் பார்க்கட்டும்.

ஆளில்லை, நேரமில்லை என்பது உண்மையான சிரமம். இளைஞர்கள் வெளிநாடு போகிறார்கள், இருப்பவர்கள் இரண்டு வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற தாதியர் இருக்கிறார்கள், துறைமுகத்திலும் அரச அலுவலகங்களிலும் வேலை முடித்து வீட்டில் இருக்கும் அறுபது வயதுக்காரர் இருக்கிறார்கள். இருவர் ஒரு ஞாயிறில் இரண்டு வீட்டுக்குப் போனால், ஏலாதவர்கள் உள்ள பத்து வீடுகளுக்கு இருபது பேர் போதும். மாதத்தில் ஒருவருக்கு இரண்டு ஞாயிறு வரும். இருபது பேர் கிடைக்காவிட்டால் நான்கு பேருடன் இரண்டு வீட்டில் தொடங்கலாம்.

புனித வாரத்தில் மறைமாவட்டக் குருமார் எல்லோரும் ஆயரோடு கூடும் எண்ணெய்ப் பூசையில் மூன்று எண்ணெய்கள் மந்திரிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று நோயாளர்களுக்கு உரியது. பூசை முடிந்ததும் ஒவ்வொரு சுவாமியும் தம் பங்குக்குரிய சிறு போத்தலை வாங்கிக்கொண்டு புறப்படுவார். ஒன்று நிலாவெளிப் பக்கம் போகும், ஒன்று உவர்மலைக்கு ஏறும், ஒன்று கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூருக்குப் போகும். அடுத்த முறை அந்தப் பைக்குள் போத்தலோடு ஒரு கொப்பியும் இருக்கட்டும். பெரிய வியாழன் பின்னேரம் எண்ணெய் கோயிலுக்குள் கொண்டுவரப்படும்போது, அது யார் யாருக்காக வந்திருக்கிறது என்று பெயர்களை வாசிக்கலாம். வாசித்து முடிய ஐந்து நிமிடம் ஆகும். வீட்டில் இருப்பவருக்குத் தன் பெயர் வாசிக்கப்பட்டது என்று யாராவது அன்றிரவே போய்ச் சொல்லவேண்டும்.